அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அம்மாவுக்கு 53 வயது. முப்பது வருடம் தீவுகளுக்குப் போய்க் கடல்பாசி எடுத்தவர். ஆறு வருடமாகக் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்து, இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். சிறுநீர் வந்தால் அடக்க முடிவதில்லை. மதுரையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, எச்.டி.எல்.வி என்ற வைரஸ் தண்டுவடத்தைப் பாதித்திருக்கலாம் என்றார்கள். எய்ட்ஸ் மாதிரியா என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் கிருமி தண்டுவடம்வரை போய்விட்டது, சக்தியைக் கூட்ட ஒரு பொடி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய் என்கிறார் தெரிந்த ஒருவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வந்த நோய் என்று ஊரில் சொல்கிறார்கள். என் மாமா சங்கு குளிக்கப் போய்க் கால் விழுந்தவர். அதுவும் இதுதானா? தங்கை நாலு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாள். நிறுத்தச் சொல்லலாமா? அம்மா கேட்பது ஒன்றுதான்: மறுபடி தீவுக்குப் போக முடியுமா?

பதில்:

தம்பி, முதலில் அந்தப் பொடி. வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் கொடுக்க வேண்டாம். தங்கை பாலை இன்றைக்கே நிறுத்தவும் வேண்டாம். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் கால் விறைத்தது எதிர்ப்பு சக்தி குறைந்ததால் அல்ல. அவர் உடம்பு அந்த வைரஸோடு பல வருடமாக, ஒரு நாள்கூட ஓயாமல் போராடிக்கொண்டிருக்கிறது. தண்டுவடத்தில் நடந்திருக்கும் சேதத்தில் பெரும்பகுதி அந்தப் போராட்டத்தால் வந்தது. இது புரிந்துவிட்டால் எந்த மருந்து உதவும், எது கெடுக்கும், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எச்.டி.எல்.வி-1 என்ற இந்த வைரஸ் 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எய்ட்ஸ் உண்டாக்கும் எச்.ஐ.வி-யும் இதுவும் ஒரே பெரிய குடும்பம்தான். இரண்டுமே ரத்தத்தில் உள்ள சிடி4 என்ற வெள்ளை அணுக்களுக்குள் போய் உட்காருபவை. ஆனால் குணம் வேறு. எச்.ஐ.வி அந்த அணுக்களை அழிக்கிறது. இது அழிப்பதில்லை, பெருகச் செய்கிறது. அணுவின் மரபுப் பொருளுக்குள் தன்னைச் செருகிவைத்துக்கொண்டு, அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தானும் இரண்டாகிவிடும். ஓர் அணு இன்னோர் அணுவை ஒட்டி நிற்கும்போது அந்த ஒட்டிய இடம் வழியாகவும் தாண்டும். ரத்தத்தில் தனியாக மிதப்பது மிகக் குறைவு. எச்.ஐ.வி மருந்துகள் இந்த நோயில் பெரிதாகப் பலன் தராததற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆகவே அம்மாவுக்கு வந்திருப்பது எய்ட்ஸ் அல்ல, எய்ட்ஸாக மாறப்போவதும் இல்லை. வீட்டில் எல்லோரிடமும் இதை உரக்கச் சொல்லுங்கள்.

உலகம் முழுக்க 50 லட்சம் முதல் 1 கோடி பேர் உடம்பில் இந்த வைரஸ் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சாகும்வரை ஒன்றும் ஆவதில்லை. நூறில் ஒருவரிலிருந்து நாலு பேர்வரைக்கும், சில ஊர்களில் அதைவிடக் குறைவாகவும், தண்டுவடம் பாதிக்கிறது. இன்னும் சிலருக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோய் வருகிறது. தண்டுவட நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயதில் தொடங்கும். உங்கள் அம்மா விஷயம் இதோடு ஒத்துப்போகிறது.

ஒரே வைரஸ், ஒருவருக்கு ஒன்றும் செய்யாமல் இன்னொருவரை ஏன் முடக்குகிறது? வைரஸ் 'டாக்ஸ்' என்ற ஒரு புரதத்தை அவ்வப்போது வெளியே காட்டும். அதை நம் உடம்பின் காவலாளிகளான சிடி8 என்ற வெள்ளை அணுக்கள் அடையாளம் கண்டு, வைரஸ் குடியிருக்கும் அணுவைக் கொல்லும். இந்தக் காவல் அணுக்கள் திறமையாக வேலை செய்கிறவர்களுக்கு வைரஸின் அளவு குறைவாகவே நிற்கிறது. தெற்கு ஜப்பானில் ககோஷிமா மக்களிடம் இதை ஆராய்ந்தார்கள். டாக்ஸ் புரதத்தின் துண்டுகளைக் காவல் அணுக்களுக்கு நன்றாக எடுத்துக்காட்டும் ஒரு மரபுவகை பிறப்பிலேயே உள்ளவர்களுக்கு, தண்டுவட நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இது பிறவியில் வருவது. பொடியாலோ கஷாயத்தாலோ வராது.

அந்த மரபுவகை இல்லாத சிலருக்கு வைரஸ் குடியிருக்கும் அணுக்கள் நிறையப் பெருகிவிடுகின்றன. நோய் வந்தவர்களின் ரத்தத்தில், வைரஸ் இருந்தும் நோய் வராதவர்களைவிட, அந்த அணுக்கள் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். அவை ஊர்ந்து தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. பின்னாலேயே காவல் அணுக்களும் போகின்றன. சண்டை தண்டுவடத்துக்குள் நடக்க ஆரம்பிக்கிறது.

நண்டு வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலையில் சுற்றிக்கொண்ட நண்டைப் பிய்த்து எடுக்கும்போது கண்ணி அறுகிறது. ஒரு நாளைக்கு நாலு நண்டு என்றால் சாயங்காலம் கரையில் உட்கார்ந்து முடிந்து சரிசெய்துவிடலாம். விட்டால் போதும் என்கிற அளவுக்குத் தினமும் நண்டு ஏறினால்? எடுத்து எடுத்தே வலை கந்தலாகிவிடும். தண்டுவடத்தில் நடப்பது ஏறத்தாழ இதுதான். வைரஸ் நரம்பை நேராகத் தின்பதில்லை. நரம்பு அணுக்களுக்குள் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை. வைரஸ் உள்ள அணுக்கள் 'இன்டர்ஃபெரான் காமா' என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நரம்பைத் தாங்கி நிற்கும் துணை அணுக்கள் அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு ரசாயனத்தைச் சுரக்கின்றன. அந்த வாடைக்கு ரத்தத்திலிருந்து இன்னும் அணுக்கள் வருகின்றன. வந்தவை மறுபடி இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றன. இப்படிச் சுற்றிச் சுற்றி நடக்கும் வீக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நரம்பு நார்கள் நசிகின்றன. அவை வலைக் கண்ணி மாதிரி மறுபடி முடிந்துகொள்வதில்லை.

இது அதிகமாக நடப்பது மார்புப் பகுதித் தண்டுவடத்தில். அதனால்தான் அம்மாவுக்குக் கை நன்றாக இருக்கிறது. காலும் சிறுநீர்ப்பையும் மட்டும் கெட்டிருக்கின்றன.

இப்போது பொடிக்கு வருவோம். 'சக்தியைக் கூட்டு' என்றால் இந்த நோயில் எதைக் கூட்டுவது? ஏற்கெனவே ஓயாமல் வேலை செய்யும் பக்கத்தையா? அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். என் பயம் வேறு. பெயர்ச்சீட்டு இல்லாத இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பது உண்டு. முதல் வாரம் பசி எடுக்கும், வலி குறையும், 'மருந்து கேட்கிறது' என்று தோன்றும். நாலு மாதம் இப்படிச் சாப்பிட்டு முகம் ஊதி, சர்க்கரை ஏறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு குடல்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வெறும் காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறும். கடல் தண்ணீரால் வராது. கரையோரத்தில் திறந்தவெளியை எல்லோரும் பயன்படுத்திய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு வந்திருக்க நிறைய வாய்ப்பு. மற்றப் புழுக்கள் சில வருடத்தில் செத்துவிடும். இது உடம்புக்குள்ளேயே குட்டிபோட்டு முப்பது நாற்பது வருடம்கூடத் தங்கும். புழுவை அடக்கிவைப்பது எதிர்ப்பாற்றலின் வேறொரு கை. எச்.டி.எல்.வி உள்ளவர்களுக்கு வைரஸோடு சண்டை போடும் கை ஓங்கியிருப்பதால், புழுவை அடக்கும் கை தாழ்ந்துவிடுகிறது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. அதனால்தான் 'சக்தி குறைவா கூடுதலா' என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த நிலையில் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டும் உள்ளே போனால், அடங்கிக் கிடந்த புழு கட்டவிழ்ந்து நுரையீரல், ரத்தம் என்று பரவிவிடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

டாக்டரே ஸ்டீராய்டு எழுதினாலும் இதைக் கேளுங்கள்: "புழுவுக்குப் பார்த்துவிட்டீர்களா?" ஒரு தடவை மலப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று தடவை வெவ்வேறு நாளில் கொடுக்க வேண்டும், அல்லது ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். முகாமில் கொடுக்கும் ஒற்றை அல்பென்டசோல் மாத்திரை இந்தப் புழுவுக்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் இதற்குச் சரியான மருந்து. அதை டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பார். கூடவே காசநோய், மஞ்சள் காமாலை பி வகை, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

"அந்த ஸ்டீராய்டையே நீங்களும் கொடுப்பீர்களா?" என்று கேட்பீர்கள். கொடுப்போம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. வீக்கம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறவர்களுக்கு, அதாவது கடைசி சில மாதங்களில் நடை வேகமாகக் கெட்டுவருகிறவர்களுக்கு, சண்டையைத் தணிக்கும் மருந்தாக அளந்து கொடுப்பது உதவும். பல வருடமாக ஒரே நிலையில் நிற்பவர்களுக்கு அதனால் கிடைப்பது குறைவு, பக்கவிளைவுதான் மிஞ்சும். ஆறு மாதத்துக்கு முன்பு அம்மா எத்தனை தூரம் துணையில்லாமல் நடந்தார், இப்போது எத்தனை தூரம் என்று எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய எங்களுக்கு ஸ்கேனைவிட இது அதிகம் உதவும். வைரஸ் குடியிருக்கும் அணுக்களையே குறிவைத்து அழிக்கும் மொகமுலிசுமாப் என்ற ஊசி மருந்தை ஜப்பானில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸின் அளவும் தண்டுவடத் திரவத்தில் வீக்கத்தின் அறிகுறிகளும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அதற்காக வீட்டை அடகு வைக்கும் நிலைக்கு யாரும் உங்களைத் தள்ள விடாதீர்கள்.

மருந்து எதுவானாலும் அதற்கு முன் நோய் இதுதான் என்று உறுதியாக வேண்டும். 'பாதித்திருக்கலாம்' என்றுதான் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எலைசா பரிசோதனை மட்டும் பாசிட்டிவ் என்றால் போதாது, அது சில சமயம் தவறாகக் காட்டும். வெஸ்டர்ன் பிளாட் அல்லது பி.சி.ஆர் செய்து உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். பி12 சத்துக் குறைவு, கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவது, முதுகெலும்புக் காசநோய் இவையெல்லாம் இதே மாதிரி காலை விறைக்க வைக்கும். இவற்றைச் சரிசெய்ய நல்ல வழி உண்டு என்பதால் தவறவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் இவை பார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கடல் விஷயம். உப்புத் தண்ணீரில் நின்றதால் இது வரவில்லை. இந்தத் தண்டுவட நோய்க்கும் வைரஸுக்கும் உள்ள தொடர்பு முதலில் தெரிந்தது 1985-இல் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில்; அடுத்த வருடம் ககோஷிமாவில். செஷல்ஸ் தீவுகளிலும் இந்த நோய் அதிகம். எல்லாமே கடலோரமாக இருப்பதைப் பார்த்தால் கடல்தான் காரணமோ என்று தோன்றும். உண்மையில் இந்த வைரஸ் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் இறங்குகிறது. அதனால் சில ஊர்களில், சில குடும்பங்களில் திரண்டு நிற்கிறது. தாய்ப்பால், தாம்பத்திய உறவு, ரத்தம் ஏற்றுவது, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது இவைதான் வழி. சேர்ந்து சாப்பிடுவது, ஒரே தட்டு, கட்டிப்பிடிப்பது, ஒரே படகில் போவது எதிலும் பரவாது.

உங்கள் மாமாவுக்கு வந்தது இது இல்லை என்றே நினைக்கிறேன். கம்ப்ரஷர் குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகித் தண்டுவடத்தை அடைக்கும். அது சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் காலை விழவைக்கும். அம்மாவுக்கு வந்த நோயோ வருடக்கணக்கில் வரும். அவருக்கு எப்போது, எப்படித் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தங்கை விஷயத்தில் அவசரமும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். வைரஸ் உள்ள தாயிடம் மாதக்கணக்கில் பால் குடித்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் வருகிறது. அதாவது தங்கைக்கு இல்லாமலிருக்கும் வாய்ப்பே அதிகம். உங்களுக்கும் அப்படியே. இந்த வாரமே தங்கைக்கு ரத்தப் பரிசோதனை பாருங்கள். இல்லை என்று வந்தால் நிம்மதியாகப் பால் கொடுக்கட்டும். இருக்கிறது என்று உறுதியானால் குழந்தை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஜப்பானில் நாகசாகியில் 1987 முதல், வைரஸ் உள்ள தாய்மார்கள் தாய்ப்பாலைத் தவிர்த்ததில் குழந்தைக்குப் பரவுவது நூற்றுக்கு 20-லிருந்து 3-க்கும் கீழே வந்தது. ஆனால் நாகசாகி வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் வேறு, நம் கரையில் குடம் பத்து ரூபாய் பதினைந்து ரூபாய் என்று வாங்கி வைக்கும் தண்ணீர் வேறு. சுத்தமான தண்ணீர், கொதிக்கவைத்த புட்டி, தட்டுப்பாடில்லாத பால்பொடி இவை மூன்றும் இல்லாமல் புட்டிப்பாலுக்கு மாறினால் குழந்தை வயிற்றுப்போக்கில் கஷ்டப்படும். அது வைரஸைவிடக் கிட்டத்தில் நிற்கும் ஆபத்து. பாலை நிறுத்தாமல், ஆறு மாதத்துக்குள் முடித்துக்கொள்வது ஒரு நடுவழி. எது என்பதைத் தங்கை வீட்டு நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு இப்போது பரிசோதனை வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஒன்றரை வயதுவரைக்கும் ரத்தத்தில் இருந்து குழப்பும்.

அப்பாவும் நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாருக்காவது இருந்தால் ரத்த தானம் செய்யக் கூடாது. நம் நாட்டில் தானம் தரும் ரத்தத்துக்குக் கட்டாயமாகப் பார்ப்பது எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஐந்தும்தான். இந்த வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா, பாட்டிக்கும் இப்படிக் கால் விறைப்பு இருந்ததா என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். யாரைக் குறை சொல்வதற்கும் இல்லை. யாருக்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இனி அன்றாடம். நான் அதிகம் கவலைப்படுவது சிறுநீரைப் பற்றி. தீவில் கழிப்பறை இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்த பழக்கம் பாசி எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் உண்டு. இப்போது அடக்க முடியவில்லை என்பதால் இன்னும் குறைப்பார். குறைக்கக் கூடாது. அடக்க முடியாமல் வருகிறவர்களுக்குப் பல நேரம் பை முழுதாகக் காலியாவதும் இல்லை. தேங்கி நிற்பதில் கிருமி வளர்ந்து சிறுநீரகம்வரை போகும். சிறுநீர் போன பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு சாதாரண ஸ்கேனில் பார்த்துவிடலாம். அதிகம் மிஞ்சினால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிட அவரே கற்றுக்கொள்ளலாம். முதலில் கூச்சப்படுவார். தங்கை பக்கத்தில் இருக்கட்டும். திடீரென்று கால் விறைப்பு கூடி, காய்ச்சலும் வந்தால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

விறைப்புக்கு பேக்லோஃபென் அல்லது டிசானிடின் கொடுத்திருப்பார்கள். பேக்லோஃபென் தீர்ந்துபோய் ஒரு வாரம் வாங்காமல் விடுவது நடக்கிற விஷயம்; அப்படிச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். கால் நீட்டும் பயிற்சி தினமும் வேண்டும். இராமநாதபுரத்துக்குப் போக முடியாத நாட்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களிடம் சொன்னால் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருவார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். பாதிப்பு 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும்.

அம்மாவின் கேள்வி. தீவுக்குப் போய், மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை இனி வேண்டாம். அலையில் கால் இழுத்துக்கொண்டால் கரைக்கு வர முடியாது. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்டால் மனம் தாங்காது. முப்பது வருடம் விரலில் துணி சுற்றி, பாறையில் கால் ஊன்றி அவர் செய்த வேலை சின்ன வேலை இல்லை. ஆனால் கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. மிதவையில் பாசி வளர்க்கிறவர்கள் உங்கள் கரையில் இருப்பார்கள். கயிற்றில் பாசித் துண்டு கட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலை, நிழலில் செய்யலாம், கூலியும் வரும். காய்ந்த பாசியில் எது கஞ்சிப்பாசி, எது கட்டக்கோரை, எது கழிவு என்று அவரைவிட வேகமாக யார் பிரித்துவிட முடியும்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, சுவரைப் பிடித்தாவது நாலு அடி நடக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கழிப்பறை பக்கத்தில் உள்ள இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள்.